வைரஸ் திருடிய நேரம்

2021 கோடையில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடந்த கதை இது. ஒரே வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆறு பேரையும் கொரோனா பிடித்துக்கொண்டது. சின்னவளுக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். பெரியவனுக்கு அதுகூட இல்லை. பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் தனக்கும் தொற்று என்றே அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கு நாலு நாள் காய்ச்சல், அப்புறம் பல நாள் காபி வாசனையே தெரியவில்லை. தாத்தாவுக்கு முதல் வாரம் லேசான காய்ச்சலும் இருமலும்தான். எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டில் இருந்தவர்கள் ஆக்ஸிஜன் படுக்கை தேடி அலைந்தார்கள்.

எல்லாருக்குள்ளும் புகுந்தது ஒரே வைரஸ்தான். அது பேத்தியைச் சும்மா தொட்டுவிட்டுப் போனதும், தாத்தாவைப் படுக்கையில் தள்ளியதும் ஏன்?

"வயசாகிவிட்டது, எதிர்ப்பு சக்தி குறைவு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்டதும் சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு சிக்கல். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் பல வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறி இருந்தன. எதிர்ப்பு குறைந்ததால் நோய் முற்றியது என்றால், இவ்வளவு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? இந்த முடிச்சை அவிழ்க்க, வைரஸ் உடம்புக்குள் நுழைந்த முதல் சில மணி நேரத்துக்குப் போக வேண்டும்.

போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் வெள்ளை அணுக்களைப் படைவீரர்களாக்கி, கையில் வாளும் கேடயமும் கொடுத்துப் படம் போடுவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. போர்க்கதையில் யார் பலமாக அடித்தார்கள் என்பதே பெரிய விஷயமாகிவிடும். கொரோனா கதையில் பெரிய விஷயம், எந்த நாளில் அடித்தார்கள் என்பது.

சரி, வைரஸைப் பார்ப்போம். அதன் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். அதாவது, உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். உருண்டையான உடம்பைச் சுற்றிலும் கூர்முனைப் புரதங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மனிதர்களைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றை மின்னணு நுண்ணோக்கியில் முதலில் பார்த்தவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோ நகரத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள். 16 வயதில் பள்ளியை விட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1964-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் அந்தப் படத்தை எடுத்தார். அதற்கு முன்பே கோழியிலும் எலியிலும் இதே உருவத்தைப் பார்த்து அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை, "இன்ஃப்ளுயன்சா வைரஸைச் சரியாகப் படம் எடுக்கவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! 2020-இல் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குக் கொரோனா வந்து சிகிச்சை பெற்றதும் அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில்தான்.

நம் கதையின் வைரஸ் இந்தக் கொரோனா வைரஸ் குடும்பத்தின் புது உறுப்பினர். 2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் வெளிப்பட்டது. அடுத்த மாதமே ஷாங்காயில் சாங் யோங்ஜென் என்ற விஞ்ஞானியின் குழு அதன் மரபணு வரிசை முழுவதையும் உலகத்துக்கு வெளியிட்டது. ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில் எழுதப்பட்ட சுமார் 29,900 எழுத்துகள். இன்ஃப்ளுயன்சா வைரஸுக்கு இதில் பாதிகூடக் கிடையாது. பெருக வேண்டும், பரவ வேண்டும், இவ்வளவுதானே வைரஸின் வேலை? அதற்கு எதற்கு இத்தனை எழுத்து? அந்த எழுத்துகளில் ஒரு பகுதி, நம் உடம்பை ஏமாற்றுவதற்கென்றே இருக்கிறது.

வைரஸ் மூச்சுக்காற்றோடு மூக்குக்குள் போகிறது. அங்கே சில செல்களின் மேல் ஏஸ்-2 என்று ஒரு புரதம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதில் அதற்கு வேலை உண்டு. வைரஸின் கூர்முனை அதைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நம்முடைய இன்னொரு புரதம் அந்தக் கூர்முனையை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டதும் கூர்முனை உருமாறி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒட்டவைக்கிறது. ஆர்.என்.ஏ. உள்ளே போய்விடுகிறது. நம் செல்லின் ரைபோசோம்கள் வழக்கமாக நம் மரபணுச் செய்திகளைப் படித்துப் புரதம் செய்பவை. யார் எழுதியது என்று அவை கேட்பதில்லை. வைரஸின் செய்தியையும் படித்து, வைரஸ் புரதங்களைச் செய்யத் தொடங்குகின்றன.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். வந்திருக்கிறது ஓர் அந்நியன் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? செல்லுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை.

ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான் தெரியும். நம் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்கும்போது பழைய இழையும் புதிய இழையும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இரட்டை இழையாகிவிடும். அப்படி நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ., ஆரோக்கியமான செல்லின் திரவத்தில் சுற்றிக்கொண்டிருக்க நியாயமில்லை. அதைத் தொட்டு உணர்வதற்கென்றே சில புரதங்கள் செல்லுக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. இரட்டை இழை அவற்றின் மேல் பட்டதும், செல் தன் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகிறது. உட்கருவில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது. இண்டர்ஃபெரான் என்ற சின்னப் புரதம் தயாராகி வெளியே கசிகிறது.

இந்த இண்டர்ஃபெரானைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 1957, லண்டன். அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இரண்டு பேர் கோழி முட்டைக்குள் கருவைச் சுற்றி இருக்கும் சவ்வைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். சூட்டில் செயலிழந்த இன்ஃப்ளுயன்சா வைரஸை அதோடு சேர்த்து ஊறவைத்தார்கள். பிறகு சவ்வை எடுத்துவிட்டு, ஊறிய திரவத்தை மட்டும் ஒரு புதிய சவ்வின் மேல் ஊற்றினார்கள். இப்போது உயிர்ப்புள்ள வைரஸை விட்டார்கள். அது வளரவில்லை! முதல் சவ்வு என்னவோ ஒரு பொருளைத் திரவத்தில் விட்டிருக்கிறது. அதைக் குடித்த இரண்டாவது சவ்வு உஷாராகிவிட்டது. முட்டைச் சவ்வும் கண்ணாடிக் குடுவையும் போதும், இவ்வளவு பெரிய விஷயம் பிடிபட்டுவிட்டது.

இண்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே இல்லை. அக்கம்பக்கத்துச் செல்களைத் தொடுகிறது. தொட்டதும் அவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். சில, உள்ளே வரும் வைரஸ் ஆர்.என்.ஏ.வை நறுக்கும். சில, புரதம் செய்யும் வேலையையே மெதுவாக்கிவிடும். இன்னும் சில, வெள்ளை அணுக்களை அழைக்கும். காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு, சாப்பிடப் பிடிக்காமை எல்லாம் இந்தக் கலவரத்தால்தான் வருகின்றன. மருந்தாக இண்டர்ஃபெரான் ஊசி போட்டாலே, எந்தத் தொற்றும் இல்லாமல், காய்ச்சல் அடித்து உடம்பு முறுக்கும். ஆக, உங்களுக்குச் சுரம் வந்தால், அதில் பெரும்பங்கு உங்கள் உடம்பே செய்துகொள்வது.

இவ்வளவும் சில மணி நேரத்தில் நடந்திருந்தால் தாத்தா தப்பித்திருப்பார், பேத்தியைப் போல மூக்கைச் சிந்திவிட்டு எழுந்திருப்பார். ஆனால் இந்த வைரஸ் அந்தச் சில மணி நேரத்தின் மேல்தான் கை வைத்தது.

எப்படி என்று பாருங்கள். நகல் எடுக்கும்போது இரட்டை இழை உண்டாகி மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதனால் கொரோனா வைரஸ், செல்லின் சவ்வை வளைத்து இரட்டைச் சுவர் கொண்ட குட்டிக் குமிழிகளைச் செய்துகொண்டு, அவற்றுக்குள் ஒளிந்து நகல் எடுக்கிறது. அப்படியும் கொஞ்சம் வெளியே கசிந்து செல் கண்டுபிடித்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. வைரஸ் முதலில் செய்துகொள்ளும் புரதங்களில் ஒன்று, ரைபோசோமில் செய்தி நுழைகிற வழியில் போய் அடைத்துக்கொள்கிறது. வைரஸின் செய்திக்கு மட்டும் அந்த அடைப்பைத் தாண்டும் வழி தெரியும். நம் செய்திகள் வெளியே நிற்க வேண்டியதுதான். இண்டர்ஃபெரான் செய்யச் சொல்லும் செய்தியும் அதில் சேர்த்தி. இன்னொரு புரதம் உட்கருவின் துவாரங்களில் உட்கார்ந்துகொண்டு, "ஆபத்து" என்ற தகவலை உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. இவை மட்டுமல்ல, இப்படிச் சேட்டை செய்யும் புரதங்கள் அதனிடம் இன்னும் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைரஸை ஏதோ உயிருக்கும் உயிரற்றதற்கும் நடுவில் தொங்கும் ஜடம் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். 29,900 எழுத்துக்குள் இத்தனை தந்திரத்தை அடக்கி வைத்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் அசந்துபோகலாம், தப்பில்லை.

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் திருடன் வந்தால் முதலில் நாய் குரைக்கும். ஒரு நாய் குரைத்தால் அடுத்த வீட்டு நாய், அதற்கடுத்த வீட்டு நாய் என்று தெருவே குரைக்கும், விளக்குகள் எரியும், திருடன் ஓடிவிடுவான். நம் திருடன் நாய்க்கு ஏதோ தின்னக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டான். தெரு தூங்குகிறது. அவன் நிதானமாக வீடு வீடாகப் போகிறான். எல்லா வீடும் காலியான பிறகு யாரோ ஒருவர் விழித்துக் கத்த, தெருவே கம்பை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கினால் என்ன ஆகும்? திருடன்மேல் விழும் அடியைவிட, அக்கம்பக்கத்தார் மேல் விழும் அடிதான் அதிகம்.

நாய் குரைக்காததால் இன்னொரு விபரீதமும் நடந்தது. இண்டர்ஃபெரான் தாமதமானால் காய்ச்சல் வராது, உடம்பு வலிக்காது. அந்த மனிதர் நன்றாக இருப்பதாக நினைத்து வேலைக்குப் போவார், பேருந்தில் ஏறுவார், கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார். மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். கொரோனா வந்தவர்கள் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவது இப்படித்தான். இதன் அண்ணன் முறையான சார்ஸ் வைரஸ் 2002-03-இல் வந்தது. அது பெரும்பாலும் ஆள் படுத்த படுக்கையான பிறகுதான் பரவியது. அதனால் காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தினாலே போதுமாக இருந்தது. சுமார் 8,100 பேரோடு, 774 சாவுகளோடு, 2003 ஜூலையில் அது அடங்கிவிட்டது. தம்பியை அப்படி அடக்க முடியவில்லை. நன்றாக இருப்பவரை எங்கே போய்த் தேடுவது? முகக்கவசத்தை எல்லாருக்கும் மாட்டச் சொன்னதன் காரணமும் இதுதான்.

இனி இரண்டாம் கட்டம். மூக்கிலும் நுரையீரலிலும் ரோந்து சுற்றும் சில செல்கள் வைரஸின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. தொண்டை வலிக்கும்போது கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த முடிச்சுதான். அங்கே டி-செல்களும் பி-செல்களும் கோடிக்கணக்கில் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். புதிய வைரஸின் ஒரு குறிப்பிட்ட துண்டைக் கண்டுகொள்ளக்கூடிய டி-செல் பத்து லட்சத்தில் ஏதோ சில இருந்தால் அதிகம். அவற்றைத் தேடிப் பிடித்து, அவை பிரிந்து பிரிந்து பெருகுவதற்கு ஒரு வாரம் போல ஆகும். இதை அவசரப்படுத்த முடியாது.

பெருகிய பிறகு வேலை சுத்தமாக நடக்கும். பி-செல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். அவை வைரஸின் கூர்முனையில் ஒட்டிக்கொண்டால் அதனால் ஏஸ்-2-வைப் பிடிக்க முடியாது. ஆனால் எதிர்ப்பொருள் செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸைத்தான் பிடிக்கும். உள்ளே புகுந்துவிட்டதை அதனால் தொட முடியாது. அதற்குத்தான் கொல்லும் டி-செல்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் வைரஸ் துணுக்கு தெரிந்தால், டி-செல் அந்தச் செல்லையே அழித்துவிடும். செல்கள் இப்படி ஏந்திக் காட்டுவதை டி-செல்கள் எப்படிப் படிக்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1996-இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கதை இங்கே முடிந்தது. டி-செல்லும் எதிர்ப்பொருளும் வந்தன, வைரஸ் போயிற்று.

தாத்தாவைப் போன்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? வயதானவர்களிடம் புதிய டி-செல்கள் குறைவு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி-செல்கள் தேர்ச்சி பெறும் இடம். அது குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். தெரிந்த நோய்களுக்குப் பழைய செல்கள் போதும். இதுவரை மனிதர்கள் பார்த்தே இராத ஒரு வைரஸுக்குப் புதிய செல்கள் வேண்டும். ஆகவே முதல் கட்டமும் தாமதம், இரண்டாம் கட்டமும் தாமதம். அதற்குள் வைரஸ் நுரையீரலின் அடிவரை இறங்கிவிட்டது.

நுரையீரலில் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அப்படி இருந்தால்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் நுழையும். இப்போது சாகிற செல்கள் ஏராளம் என்பதால் எச்சரிக்கையும் ஏராளமாகக் கிளம்புகிறது. செல்கள் ஒன்றையொன்று உசுப்பும் சைட்டோகைன் என்ற புரதங்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ரத்தக்குழாய்கள் கசிந்து நுண்ணறைகளில் நீர் கோக்கிறது. சில வெள்ளை அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக விரித்துச் செத்துப்போகும்; அந்த வலையில் ரத்தம் உறைந்து சின்னச் சின்னக் குழாய்களை அடைக்கும். விந்தை என்னவென்றால், இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடக்கும்போது, உண்மையில் தேவைப்படும் டி-செல்களின் எண்ணிக்கை ரத்தத்தில் சரிந்துகிடக்கும். குறி தெரியாதவை கூடிவிட்டன, குறி தெரிந்தவை குறைந்துவிட்டன. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். தாத்தாவின் உடம்பில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அது பிந்தி வந்தது, பிந்தியதால் தறிகெட்டு வந்தது.

இதற்கு ஒரு சாட்சி, மருந்திலிருந்து. டெக்சாமெத்தசோன் என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டு. விலை மலிவு, சுமார் அறுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. 2020-இல் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து கொடுக்காதபோது நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். கொடுத்தபோது 29 பேர். ஒரு மலிவான மருந்து இத்தனை உயிரைக் காப்பாற்றியது. ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அதே மருந்தால் ஒரு பயனும் இல்லை. அவர்களின் எதிர்ப்பு இன்னும் சரியான வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அதை அடக்கி என்ன பயன்? நம் நாட்டில் இரண்டாம் அலையின்போது இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிக்கவில்லை. காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு, தேவைக்கு மேல் நாள்கணக்கில் விழுங்கியவர்களும் உண்டு. கருப்புப் பூஞ்சை என்று அப்போது எல்லாரும் பயந்து பேசிய நோய், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பிடித்ததற்கு, சர்க்கரை நோயோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். அந்தப் பூஞ்சை காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பதுதான். உடம்பின் எதிர்ப்பு அடங்கிக் கிடந்ததால் உள்ளே வேர்விட்டது.

இன்னொரு சாட்சி நியூயார்க்கிலிருந்து. ஜான்-லோரன் கசனோவா என்பவரின் குழு, உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தது. அவர்களில் 101 பேரின் ரத்தத்தில் விசித்திரமான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவை பிடித்துச் செயலிழக்க வைத்தது வைரஸை அல்ல, அவர்களுடைய சொந்த இண்டர்ஃபெரானை! லேசாக நோய் வந்துபோன 663 பேரில் ஒருவரிடம்கூட இது இல்லை. 101 பேரில் 95 பேர் ஆண்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த எதிர்ப்பொருள்கள் கூடுதலாகத் தென்படுகின்றன என்றும் பிறகு தெரியவந்தது. வைரஸ் செய்ய நினைத்த வேலையை அவர்களின் உடம்பே பாதி முடித்துவைத்திருந்தது.

பேத்திக்கு வருவோம். 2021-இல் பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழந்தைகளின் மூக்கிலிருந்தும் பெரியவர்களின் மூக்கிலிருந்தும் செல்களைத் துடைத்தெடுத்து ஒப்பிட்டார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் புரதங்கள், தொற்று எதுவும் வருவதற்கு முன்பே, குழந்தைகளின் மூக்கில் அதிகமாக இருந்தன. வைரஸ் வந்து அந்தப் புரதங்களைத் தயாராகவிடாமல் தடுப்பதற்குள் அவை ஏற்கெனவே தயார். வருஷம் முழுக்கச் சளியும் மூக்கொழுகலுமாகத் திரிகிறாயே என்று உங்களைத் திட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஒன்று போனால் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும் சளி வைரஸ்கள் மூக்கை விழிப்போடு வைத்திருக்கின்றன என்பது ஒரு கருத்து. குழந்தைகளுக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரிதாகச் சிலருக்கு, கொரோனா வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, உடம்பு முழுக்க வீக்கமும் காய்ச்சலும் வந்து இதயம்வரை பாதித்தது. வைரஸ் போன பிறகும் எதிர்ப்பு அடங்காததுதான் அங்கேயும் பிரச்சினை.

அம்மாவின் காபி வாசனை? மணத்தை அறியும் நரம்பு செல்களில் ஏஸ்-2 கிட்டத்தட்ட இல்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்துப் பராமரிக்கும் செல்களில்தான் இருக்கிறது. அவை சேதமானதும் நரம்பு செல்களும் வேலையை நிறுத்திவிடுகின்றன. தாங்கும் செல்கள் மறுபடி வளர்ந்ததும் வாசனை திரும்பியது. அதனால்தான் பெரும்பாலோருக்கு அது தற்காலிகம்.

வௌவாலைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை குறைப்பட்டுவிடும். இந்த வைரஸுக்கு மிக நெருங்கிய உறவினர்களை விஞ்ஞானிகள் லாடமூக்கு வௌவால்களில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வௌவால்கள் இத்தகைய வைரஸ்களைச் சுமந்துகொண்டு நோய்வாய்ப்படாமல் பறக்கின்றன. எப்படி? ஆஸ்திரேலியாவின் கருப்புப் பழந்தின்னி வௌவாலில் தேடியபோது, தொற்று இல்லாத நேரத்திலும் இண்டர்ஃபெரான் கொஞ்சம் சுரந்துகொண்டே இருப்பது தெரிந்தது. அதே நேரம் வீக்கத்தைக் கிளப்பும் கருவிகள் வௌவால்களில் மட்டுப்பட்டிருக்கின்றன. நாய் விடாமல் குரைக்கிறது. ஆனால் தெருவில் அடிதடி இல்லை. தீபாவளிக்கு வௌவால்களுக்காக வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருப்பது, மருத்துவ விஞ்ஞானிகள் பொறாமைப்படும் ஓர் உடம்பை.

இப்போது தடுப்பூசி எதைச் சாதித்தது என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். நிணநீர் முடிச்சில் டி-செல்லும் பி-செல்லும் பெருக ஒரு வாரம் வேண்டும் அல்லவா? அந்த வாரத்தை வைரஸ் வருவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறோம். கோவிஷீல்டு கூர்முனைப் புரதத்துக்கான குறிப்பை மட்டும் சுமந்து வந்தது. கோவாக்சினில் இருந்தது செயலிழக்க வைத்த முழு வைரஸ். பெருக முடியாததால் அதனால் ரைபோசோமை அடைக்கும் சேட்டையைச் செய்ய முடியாது. வெளிநாடுகளில் அதிகம் போடப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் கதை இன்னும் சுவையானது. ஆய்வகத்தில் செய்த ஆர்.என்.ஏ.வை உடம்பில் செலுத்தினால், வைரஸ் வந்துவிட்டது என்று செல்கள் கூச்சல் போட்டுப் புரதம் செய்வதையே நிறுத்திவிடும். கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். நம் சொந்த ஆர்.என்.ஏ. சிலவற்றில் இயற்கையாகவே இருக்கும் மாற்றம்தான் அது. கூச்சல் அடங்கியது. 2005-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2023-இல் நோபல் பரிசு வந்தது.

கிடைத்த நினைவு எத்தனை காலம் இருக்கும்? ரத்தத்தில் எதிர்ப்பொருள் சில மாதங்களில் குறையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கொரோனா வந்து பல மாதங்களான 19 பேரின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது, 15 பேரிடம் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் அங்கே அமைதியாகக் குடியிருந்தன. சிங்கப்பூரில் இன்னும் ஆச்சரியம். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்த 23 பேரிடம், 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை நினைவு வைத்திருக்கும் டி-செல்கள் இருந்தன. அவை தம்பி வைரஸையும் அடையாளம் கண்டன. 2021 நவம்பரில் ஓமைக்ரான் என்ற உருமாறிய கொரோனா வைரஸ் வந்தபோது இந்த டி-செல்களின் அருமை தெரிந்தது. கூர்முனையில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்ததால் பழைய எதிர்ப்பொருள்கள் பலவற்றுக்கு அது பிடிபடவில்லை. ஊரெல்லாம் தொற்று பரவியது. ஆனால் டி-செல்கள் வைரஸின் பல துண்டுகளைப் பார்ப்பவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ள வைரஸால் முடியவில்லை. முன்பே தடுப்பூசி போட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் பக்கம் போகாமலேயே தேறினார்கள்.

அந்த நாட்களில் கடைகளில் "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று எழுதி ஒட்டாத பொருளே இல்லை. பிஸ்கட்டில்கூட எழுதியிருந்தார்கள். நோய் எதிர்ப்பு என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரப்பிக்கொள்ளும் சமாச்சாரம் என்றால் அவர்கள் சொல்வது சரி. தாத்தாவின் நுரையீரலில் அது நிரம்பித்தான் வழிந்தது. இனி அப்படி ஒரு பாக்கெட்டைப் பார்த்தால், முதல் நாளுக்கா எட்டாம் நாளுக்கா என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு யோசனை தோன்றாமல் இருக்காது. வைரஸ் தடுத்து நிறுத்திய இண்டர்ஃபெரானை நாமே ஊசியில் போட்டால் என்ன? இரண்டு விதமாகச் செய்து பார்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்துவிட்ட நோயாளிகளுக்கு ஒரு வகை இண்டர்ஃபெரான் கொடுத்தார்கள். பலன் இல்லை. பிரேசிலிலும் கனடாவிலும் வேறு குழு, வீட்டில் இருக்கும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது. அறிகுறி தொடங்கி ஏழு நாட்களுக்குள், இண்டர்ஃபெரானில் இன்னொரு வகையை ஒரே ஒரு ஊசியாகப் போட்டார்கள். வெறும் போலி மருந்து பெற்ற 1,018 பேரில் 57 பேருடைய நோய் முற்றி, மருத்துவமனையில் சேர்க்கவோ அவசர சிகிச்சையில் நெடுநேரம் வைத்துக் கவனிக்கவோ வேண்டியதாயிற்று. ஊசி பெற்ற 931 பேரில் அப்படி ஆனவர்கள் 25 பேர்.